ஆக்ரன், 1917: மாணவிகளின் கழுத்தில் தெரிந்த சத்துக்குறை

பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. உயரம், எடை பார்க்கிறார்கள், கீழிமையை இழுத்துப் பார்க்கிறார்கள், விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள், பதிவேட்டில் எழுதுகிறார்கள், போய்விடுகிறார்கள். அந்தப் பதிவேட்டில் 'இரத்தசோகை' என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள், பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. வளரிளம் பருவத்துச் சத்துக்குறைகளைப் பற்றி எழுதுகிறவர்களும் எந்தக் கருவி நல்லது, எந்தக் கேள்வித்தாள் நல்லது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, திரும்பிப் போய் அதே பிள்ளைகளைப் பார்த்து, கணக்கையும் வெளியிட்ட நிகழ்வுகளைத் தேடினால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

அதில் ஒன்றைத்தான் இங்கே முழுசாக எடுத்துக்கொள்கிறேன். ரொம்பப் பழையது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டயர் ஆலைகளுக்குப் பேர்போன ஆக்ரன் நகரம், 1917ஆம் ஆண்டு, அயோடின் குறை. நூறு வருடத்துக்கு முந்தைய விஷயத்தை இப்போது ஏன் கிளற வேண்டும் என்றால், இன்றைக்குப் பள்ளி நலத் திட்டங்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிற இரண்டு கேள்விகள் அங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. 'இந்தப் பள்ளிக்கு என்ன குறை?' என்பது ஒன்று. 'இந்தப் பிள்ளைக்கு என்ன குறை?' என்பது இன்னொன்று.

பின்னணி

வட அமெரிக்காவின் பெரு ஏரிகளைச் சுற்றிய பகுதியைக் 'கழலை வட்டாரம்' என்றே அழைத்தார்கள். பனியுகத்தில் பனிப்பாறைகள் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனதில் அயோடினும் போய்விட்டது. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை, பயிரில் இல்லாதது சாப்பாட்டிலும் இல்லை. கடல் மீனும் அங்கே அன்றாட உணவு கிடையாது. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். அது போதாதபோது மூளையடிச் சுரப்பி இன்னும் செய், இன்னும் செய் என்று தைராய்டை விரட்டிக்கொண்டே இருக்கும், கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்து வைக்க சுரப்பி பருத்துக்கொண்டே போகும். முன்கழுத்தில் தெரிகிற அந்த வீக்கம்தான் முன்கழுத்துக் கழலை. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, இந்த வட்டாரத்து இளைஞர்களில் பலரை இராணுவச் சட்டையின் கழுத்துப் பட்டன் போட முடியாத அளவு வீக்கத்தோடு பார்த்த மருத்துவர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

வளரிளம் பருவம் இதில் ஏன் முக்கியம் என்றால், தேவை கூடுகிற காலம் அது. இன்றைய உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 6 முதல் 12 வயதுவரை ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம் அயோடின், அதற்கு மேல் 150. சிறு வயதில் எப்படியோ ஈடுகட்டிக்கொண்டிருந்த சுரப்பி, பூப்பெய்தும் வயதில் தாக்குப்பிடிக்காமல் வீங்க ஆரம்பிக்கும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது பல மடங்கு அதிகம்.

ஆக்ரன் ஆய்வை நடத்திய டேவிட் மரைன், 1905இல் மருத்துவப் படிப்பை முடித்த கையோடு அதே ஓஹையோவின் கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்தவர். ஊருக்குள் நடந்து போகும்போது தெருநாய்களின் கழுத்தில் வீக்கத்தைப் பார்த்துத்தான் தைராய்டை ஆராய முடிவு செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வேலை நிஜம். தைராய்டில் அயோடின் இருப்பதை ஜெர்மானியரான பௌமான் 1895இலேயே கண்டிருந்தார். அந்த அயோடின் குறையக் குறையச் சுரப்பியின் திசு பெருக்கிறது என்பதை மரைன் விலங்குகளில் காட்டினார். பென்சில்வேனியாவின் மீன் பண்ணைகளில் ட்ரௌட் மீன்களுக்கு வந்திருந்த வீக்கத்தைப் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் கழலைதான், தண்ணீரில் அயோடின் சேர்த்தால் சரியாகிறது என்று காட்டியதும் இவர்தான். நாய், ஆடு, மீன் எல்லாவற்றிலும் பார்த்தாயிற்று, மனிதரில் பார்ப்பதுதான் பாக்கி.

என்ன செய்தார்கள்

கிளீவ்லாந்துப் பள்ளிகளில் முதலில் கேட்டிருக்கிறார்கள், அனுமதி கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு விஷம் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு எழுந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கோபத்தை முழுக்க முட்டாள்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. கொடுக்கவிருந்த அளவைப் பின்னால் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். மரைனோடு சேர்ந்து வேலை செய்த ஆலிவர் கிம்பால் அப்போது மருத்துவ மாணவர். கிளீவ்லாந்து இல்லையென்றால் பக்கத்தில் ஆக்ரன் என்று ஏற்பாடானது. ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள மாணவிகள். அதாவது ஏறத்தாழ 10 வயதிலிருந்து 18 வயதுவரை.

1917 வசந்தத்தில் முதல் பரிசோதனை. கருவி எதுவும் கிடையாது, கைதான். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் விரல்களை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கச் சொல்வார்கள். விழுங்கும்போது தைராய்டு மேலே ஏறி இறங்கும், விரலுக்கடியில் அது நழுவுவது தெரியும். நழுவுகிற கட்டி எவ்வளவு பெரிது, மென்மையா கெட்டியா, ஒரு பக்கமா இரு பக்கமா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பின்னாளில் 1960 வாக்கில் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடித்தது: சுரப்பியின் ஒரு பக்க மடல், பரிசோதிக்கப்படும் அந்த ஆளுடைய கட்டைவிரலின் நுனிக் கணுவைவிடப் பெரிதாக இருந்தால் அது கழலை. மருத்துவருடைய விரல் கணக்கில்லை, பிள்ளையுடைய விரல்தான் கணக்கு. சின்னப் பிள்ளைக்குச் சின்ன அளவுகோல், பெரிய பிள்ளைக்குப் பெரியது, செலவே இல்லை.

3,872 மாணவிகளைப் பார்த்தார்கள். சுரப்பி இயல்பாக இருந்தவர்கள் 1,688 பேர். மீதி 2,184 பேருக்கு, நூற்றுக்கு 56 பேருக்கு மேல், ஏதோ ஓர் அளவில் வீக்கம். பெரும்பாலானவை சிறிய வீக்கங்கள்தான், வெளிப்பார்வைக்குத் தெரியாதவை. இருந்தாலும் ஒரு நகரத்து மாணவிகளில் பாதிக்கு மேல் என்பது அந்தக் காலத்திலும் சாதாரண விஷயமாக இருந்திருக்க முடியாது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். பரிசோதனை முடிந்ததும், வீங்கியவர்களை மட்டும் தனியே அழைத்து மருந்து கொடுக்கவில்லை. கழுத்து இயல்பாக இருந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து, வேண்டுமென்று ஒப்புக்கொண்ட எல்லோருக்கும் கொடுத்தார்கள். யாருக்கு மருந்து என்று பொறுக்குவதற்காகச் செய்யப்பட்ட சோதனை இல்லை அது. நகரத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ளவும், பிறகு மருந்து வேலை செய்ததா என்று அதே கழுத்தை வைத்து முடிவு செய்யவும்தான் பயன்பட்டது.

மருந்து, தண்ணீரில் கரைத்த சோடியம் அயோடைடு. பொதுவாக ஒரு சுற்றுக்கு 2 கிராம். அதை நாளுக்கு 0.2 கிராமாகப் பிரித்துப் பத்துப் பள்ளி நாட்களில் கொடுப்பார்கள். வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. ஒரு நாள் கொடுத்த அளவு அன்றாடத் தேவையைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வரும்! தைராய்டு தனக்கு வேண்டியதை எடுத்துச் சேமித்துக்கொள்ளும், மிச்சம் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கையில் கொடுத்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இந்த அளவை ஒத்துக்கொள்ளாது. சில பிள்ளைகளுக்குத் தோலில் தடிப்பு வந்தது, அது பெரிய தொந்தரவாக ஆகாமல் போனது ஓரளவு அதிர்ஷ்டமும்தான், அவர்கள் எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள் என்பதும்தான். வயதானவர்களிடம் இதே கதை வேறு மாதிரிப் போனது, அது பின்னால்.

கணக்கு

ஆறு மாதத்துக்கொரு முறை திரும்பிப் போய்ப் பார்த்து, இரண்டரை ஆண்டுக்குப் பின் வந்த கணக்கு இது. மருந்து எடுத்த 2,190 பேரில் புதிதாக வீக்கம் கண்டவர்கள் 5 பேர். எடுக்காத 2,305 பேரில் 495 பேர்.

தொடக்கத்திலேயே வீக்கம் இருந்தவர்கள் கதை இன்னும் சுவாரசியம். அவர்களில் மருந்து எடுத்த 1,182 பேரில் 773 பேருக்கு வீக்கம் குறைந்தது, மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். எடுக்காத 1,048 பேரில் 145 பேருக்குத் தானாகவே குறைந்தது. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். எதுவும் செய்யாமலே ஏழு பேரில் ஒருவருக்குச் சரியாகியிருக்கிறது. ஒப்பீட்டுக்கு இப்படி ஒரு குழு இல்லாமல் மருந்து எடுத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கு சொல்லியிருந்தால், அந்த ஏழில் ஒன்றும் மருந்தின் புண்ணியத்தில் சேர்ந்திருக்கும். இன்றைக்கு வருகிற பல திட்ட அறிக்கைகள் அப்படித்தான் இருக்கின்றன: 'முகாமுக்கு முன் இவ்வளவு, முகாமுக்குப் பின் இவ்வளவு', நடுவில் ஒப்பிட யாருமே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்ட குழுக்கள் இல்லை இவை. விருப்பப்பட்டவர்கள் எடுத்தார்கள், மற்றவர்கள் எடுக்கவில்லை. பிள்ளையின் உடம்பில் அக்கறை கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வீட்டில் சாப்பாடும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம். யார் மருந்து எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பது கழுத்தைத் தடவுகிறவருக்குத் தெரியாமல் இருக்கவும் எந்த ஏற்பாடும் கிடையாது. கையால் தடவி அளப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும், அதிலும் சிறிய வீக்கங்களில் இரண்டு பேர் ஒரே கழுத்தைப் பார்த்து இரண்டு விடை சொல்வது சகஜம். ஆனாலும் 5-க்கும் 495-க்கும் உள்ள தூரத்தை இந்தக் குறைகள் எதுவும் நிரப்பிவிடாது. விளைவு அவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஆய்வின் முறை சற்று முரட்டுத்தனமாக இருந்தாலும் தப்பித்துவிடும்.

எல்லோரும் கழுத்தைத்தான் பார்த்தார்கள், மூளையை யாரும் அளக்கவில்லை. கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிட்டால் கருவின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அந்த ஆக்ரன் மாணவிகளில் பலர் பத்து வருடத்துக்குள் தாயாகியிருப்பார்கள். இரு உலகப் போர்களின் இராணுவப் பதிவுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் சமீபத்தில் செய்த கணக்கில், அயோடின் உப்பு வந்தபின் குறை அதிகமிருந்த பகுதிகளில் பிறந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் கணிசமாக உயர்ந்திருப்பது தெரிய வந்தது. கழுத்து வீக்கம் வெளியே தெரிந்த சின்னப் பகுதி, அவ்வளவே.

பள்ளியிலிருந்து உப்புக்கு

இந்த முடிவுகளைப் பார்த்து, பள்ளிதோறும் அயோடைடு கொடுக்கும் திட்டத்தை நாடு முழுக்க விரித்திருக்கலாம். சில ஊர்கள் அப்படிச் செய்யவும் செய்தன. ஆனால் பள்ளிக்கு வராத பிள்ளை, விடுமுறை, படிப்பை விட்டவர்கள், பள்ளி வயதைத் தாண்டிய தாய்மார்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். சுவிட்சர்லாந்தில் எக்கன்பெர்கர் என்ற மருத்துவர் 1922இல் அப்பென்செல் பகுதியில் உப்பில் அயோடின் சேர்க்க ஏற்பாடு செய்தார். அந்த வழியை அமெரிக்காவில் மிச்சிகன் எடுத்துக்கொண்டது. குழந்தை மருத்துவர் டேவிட் மரே கௌவி முன்னின்று பேசி, 1924 மே மாதம் அயோடின் உப்பு மளிகைக் கடைக்கு வந்தது. அதற்கு முன் மிச்சிகனில் எடுத்த கணக்கில் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் கழலை; 1951இல் மறுபடி எடுத்தபோது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

பள்ளிகள் அங்கேயும் காணாமல் போகவில்லை. முன்னும் பின்னும் அளக்கும் இடமாக அவை இருந்தன. மருந்து கொடுப்பது உப்பின் வேலையாகிவிட்டது, அளப்பது மட்டும் பள்ளியின் வேலை. இன்றுவரை உலகில் அயோடின் நிலையைப் பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துத்தான் பார்க்கிறார்கள், கழுத்துக்குப் பதில் சிறுநீரை எடுத்து. குழுவின் நடு மதிப்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் அந்த மக்களிடம் அயோடின் போதவில்லை. இதில் ஒரு பிள்ளையின் சிறுநீர் அளவை மட்டும் வைத்து 'உனக்கு அயோடின் குறை' என்று சொல்லக் கூடாது. முந்தின நாள் சாப்பிட்டதைப் பொறுத்து, குடித்த தண்ணீரைப் பொறுத்து அது நாளுக்கு நாள் மாறும்.

உப்பு வந்ததும் எல்லாம் சுபம் என்று முடித்துவிடவும் முடியாது. பல வருடம் அயோடின் இல்லாமல் கிடந்து, சுரப்பிக்குள் தன்னிச்சையாக இயங்கும் முடிச்சுகள் உண்டான நடுவயதுக்காரர்களுக்குத் திடீரென்று அயோடின் கிடைத்தபோது ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தது. 1926 வாக்கிலேயே கிளீவ்லாந்தில் மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். ஆக்ரன் பிள்ளைகள் தப்பியது வயதால் என்று மேலே சொன்னது இதைத்தான்.

பள்ளி வழி மாத்திரை தோற்ற இடமும் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் 1950 முதல் பள்ளிகள் மூலம் அயோடைடு மாத்திரை கொடுத்தார்கள். அதே மருந்து, அதே மாதிரிப் பிள்ளைகள். பல வருடம் கொடுத்தும் கழலை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஒழுங்காகக் கொடுத்த பள்ளிகளும் இருந்தன, பேருக்குக் கொடுத்தவையும் இருந்தன. கடைசியில் 1966இல் ரொட்டி மாவில் அயோடேட் சேர்த்தார்கள் (அங்கேயும் வயதானவர்களிடம் தைராய்டு மிகைச் சுரப்பு கூடியது). ஆக்ரனில் ஆய்வாளர்களே நடத்திய வேலை, ஒரு சுற்றுக்குப் பத்து நாள்தான். டாஸ்மேனியாவில் வருடக்கணக்கில் ஆசிரியர்கள் தலையில் விழுந்த வேலை அது. எனக்குக் கேட்டால் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இரும்புச்சத்தில் ஏன் இது அப்படியே நடக்காது

இன்றைக்கு வளரிளம் பிள்ளைகளிடம் பள்ளியில் அதிகம் தேடப்படும் குறை இரும்புச்சத்து. ஆக்ரன் முறையை எடுத்து இங்கே பொருத்தலாமா என்றால், பாதிதான் பொருந்துகிறது.

ஆக்ரனில் குறி ஒன்று, காரணம் அநேகமாக ஒன்று, மருந்தும் ஒன்று. இரத்தசோகையை அளக்கும் ஹீமோகுளோபின் அப்படியில்லை. அது குறைவதற்கு இரும்பு போதாமை முக்கியக் காரணம், ஆனால் கூடவே ஃபோலேட் குறை, பி12 குறை, கொக்கிப்புழு, மலேரியா, நாள்பட்ட அழற்சி, தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறுகள் என்று வரிசை நீளம். எதிர்ப்பக்கமும் பிரச்சினை இருக்கிறது: உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியான பிறகும் கொஞ்ச காலம் ஹீமோகுளோபின் இயல்பாகவே காட்டும். அந்த நிலையிலேயே பிள்ளைக்குச் சோர்வு வரலாம், கவனம் சிதறலாம், சிலருக்குப் பனிக்கட்டியை மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். கீழிமையைப் பார்த்துச் சொல்வது கடுமையான சோகைக்கு உதவும், லேசானதில் தவறவிடுவதே அதிகம்.

எல்லைக் கோடும் வயதோடு நகரும். உலக சுகாதார நிறுவனத்தின் எண்களில் 5 முதல் 11 வயதுவரை டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. 12 முதல் 14 வரை இரு பாலருக்கும் 12. 15 வயதிலிருந்து கருவுறாத பெண்களுக்கு அதே 12, ஆண்களுக்கு 13. ஆக 12.5 இருக்கிற பையன் பதினாலு வயதில் நலமாக இருந்து, பதினைந்தாவது பிறந்தநாளன்று இரத்தசோகைக்காரனாகிவிடுகிறான்! ஒரே கோட்டை வைத்துப் பள்ளி முழுவதையும் பிரித்தால் மூத்த பையன்களைக் கோட்டைவிடுவோம். உயரமான மலைப்பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இந்த எண்களைத் திருத்தித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த விரல் சொட்டு. விரல் சூடாக இருக்க வேண்டும், ஆல்கஹால் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும், நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில் ஒரே குத்தாகக் குத்த வேண்டும், முதல் சொட்டுகளைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். வரவில்லையே என்று விரலைப் பிசைந்தால் திசு நீரும் கலந்து வந்து எண்ணைக் கெடுக்கும். சோதனைக் குப்பிக்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் போச்சு. வரிசையில் இன்னும் இருநூறு பேர் நிற்கும்போது இத்தனையும் நடக்குமா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் கையின் இரத்த நாளத்திலிருந்து (சிரை) எடுத்த இரத்தத்தையும் தானியங்கி இரத்த அணு எண்ணியையும் பரிந்துரைப்பது இதனால்தான். பள்ளிகளில் அது எப்போதும் முடியாது. முடியாதபோது, கோட்டுக்கு அரைக் கிராம் மேலும் கீழும் இருக்கிற பிள்ளைகளின் முடிவைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி பார்ப்பது நல்லது.

இரும்பு சேமிப்பைக் காட்டுவது இரத்தத்தில் உள்ள ஃபெரிட்டின் என்ற புரதம். நலமாக இருக்கும் வளரிளம் பிள்ளைக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது. ஆனால் சளி, காய்ச்சல், ஏதாவது தொற்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும், அதனால் தொற்று, அழற்சி இருக்கும் இடத்தில் 70 வரை குறையாகவே கணக்கில் எடுக்கலாம் என்கிறார்கள். உடல் பருமனோடும் மெல்லிய அழற்சி இருக்கும், குண்டாக இருக்கிற பிள்ளைக்கு இரும்புக் குறை வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, இவ்வளவு சிக்கல் இருக்கிறதே, என்ன செய்வது? ஆக்ரனில் பிரிந்து நின்ற இரண்டு கேள்விகளை இங்கேயும் பிரித்தால் பாதிச் சிக்கல் தீரும். பள்ளிக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு பிள்ளையையும் குத்த வேண்டியதில்லை, ஒழுங்காகப் பொறுக்கிய ஒரு மாதிரி போதும். மாதவிடாய் தொடங்கிய வயதிலிருக்கும் பெண்களில் நூற்றுக்கு 20 பேருக்கோ அதற்கு மேலோ சோகை இருக்கிற இடத்தில் வாரம் ஒரு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 40 பேரையோ அதற்கு மேலோ எட்டினால் வருடத்தில் தொடர்ந்து மூன்று மாதம் தினசரி 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு. குடற்புழு பரவலாக உள்ள பகுதி என்றால் அதற்கான மருந்தும் சேரும். இதெல்லாம் பள்ளிக்கான மருத்துவம், இதற்குத் தனிப் பிள்ளையின் எண் தேவைப்படாது.

தனிப் பிள்ளைக்கான மருத்துவம் இன்னொரு வேலை, அதற்குக் கேள்விகள் வேண்டும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, பல் ஈறில் அடிக்கடி இரத்தமா? இதற்கெல்லாம் 'ஆமாம்' என்று சொல்கிற பெண்ணுக்கு இரும்பு மாத்திரை கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். பரம்பரையாக வரும் இரத்தம் உறையாமைக் கோளாறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளை வகுப்பறையின் நடுவில், பின்னால் பத்துப் பேர் நிற்க, ஆண் பணியாளர் கேட்டால் ஒரு பெண்ணும் உண்மையைச் சொல்லப்போவதில்லை. கதவு சாத்திய ஓர் அறையும் ஒரு செவிலியரும் போதும், விலையுயர்ந்த கருவியைவிட அதில் அதிகம் தெரியவரும்.

தராசு

எல்லோர் முன்னாலும் கழுத்தைத் தடவிப் பார்ப்பதில் அவமானம் குறைவு. எடை அப்படியில்லை. பள்ளி நலத் திட்டங்களில் மிகச் சுலபமாகச் செய்யப்படுவதும், மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும் எடை பார்ப்பதுதான். எண்ணைச் சத்தமாகப் படித்து எழுதுபவரிடம் சொல்வது வழக்கம், அது வகுப்பு முழுக்கக் கேட்கும், அன்றைக்கு மாலைக்குள் யாருக்காவது பட்டப்பெயர் வந்துவிடும்.

அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாநிலம் 2003இல் சட்டம் கொண்டுவந்து, பிள்ளைகளின் உடல் நிறை குறியீட்டை (உயரத்தோடு ஒப்பிட்ட எடையை) பெற்றோருக்குக் கடிதமாக அனுப்ப ஆரம்பித்தது. மற்ற சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கலிஃபோர்னியாவில் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானபோது, கடிதம் அனுப்பியதால் பிள்ளைகளின் எடையில் முன்னேற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்தது; பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடியிருக்கலாம் என்றும் தெரிந்தது. ஆக்ரனில் கண்டுபிடிப்பு என்ற படிக்கு அடுத்த படியாக ஒரு மருந்து இருந்தது. இந்தக் கடிதங்களுக்கு அடுத்த படி என்று எதுவும் இல்லை.

எடை பார்ப்பதையே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடல் நிறை குறியீடு அந்த வயதுக்கான நடு மதிப்பிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குக் கீழே இருந்தால் அது மெலிவு, மூன்றுக்குக் கீழே கடும் மெலிவு, அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டுபிடிக்காமல் விடுவது பெரிய தவறு. அதைவிட முக்கியம், போன வருட எண்ணோடு ஒப்பிடுவது. ஒரு வருடத்தில் எடை குறைந்திருக்கிற பதினான்கு வயதுப் பிள்ளை, கோட்டுக்கு மேலேயே இருந்தாலும், ஒரு மருத்துவர் பார்க்க வேண்டிய பிள்ளைதான். வளர்கிற வயதில் எடை குறைவதே கூடாது. காசநோயாக இருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம், வீட்டில் அடுப்பு எரியாததாக இருக்கலாம், சாப்பிட மறுக்கிற மன நோயாகவும் இருக்கலாம். கடைசியில் சொன்னதற்கு 'நல்லா சாப்பிடும்மா' என்ற அறிவுரை கேடுதான் செய்யும்.

மறுபடி பார்ப்பது பற்றி

மரைனும் கிம்பாலும் செய்ததில் எது இன்றைக்கும் அப்படியே எடுத்துச் செய்யத் தக்கது என்றால், ஆறு மாதத்துக்கொரு முறை திரும்பிப் போனது. இரும்புக்கு அவ்வளவு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை ஒழுங்காக எடுத்த பிள்ளைக்கு நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது ஒரு கிராமாவது ஏறும். ஏறினால் காரணம் இரும்புதான் என்று உறுதியாகிறது, இயல்பு எல்லையைத் தொட்ட பின்னும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போல எடுக்கச் சொல்வார்கள். டீ, காபி, பால் இவற்றோடு சேர்த்து மாத்திரையை விழுங்கினால் உடம்பில் சேர்வது குறையும். வயிறு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாம். ஒரு வேளை மாத்திரைக்குப் பின் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் அடுத்த நாள்வரை இரும்பை உள்ளே விடாமல் தடுப்பதால், இதில் பெரிதாக இழப்பும் இல்லை.

ஏறாவிட்டால், முதலில் கேட்க வேண்டியது மாத்திரை வயிற்றுக்குள் போனதா குப்பைத் தொட்டிக்குப் போனதா என்பது. திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மலம் கறுத்துப் போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்திய பிள்ளைகள் நிறைய. ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லை என்றால் முழு இரத்த அணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சிவப்பணு சிறிதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருந்து ஃபெரிட்டின் இயல்பாக இருந்தால் தலசீமியா மரபுக்கூறா என்று பார்க்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. சிவப்பணு பெரிதாக இருந்தால் பி12, ஃபோலேட். சிறிதாக இருந்து ஃபெரிட்டினும் குறைவாகவே இருந்தால் இரும்பு எங்கோ கசிகிறது, அல்லது குடல் அதை உறிஞ்சவில்லை. கோதுமைப் புரதத்துக்கு எதிராக உடம்பின் நோயெதிர்ப்பு கிளம்புவதால் வரும் சீலியாக் நோய், வயிற்றுக் கிருமியான ஹெலிகோபாக்டர், குடல் அழற்சி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருந்தால் இந்த நாலு வாரமெல்லாம் கிடையாது, அன்றைக்கே மருத்துவமனை, கூடவே பெற்றோருக்கு நேரடித் தொலைபேசி. பிள்ளை கையில் சீட்டு கொடுத்து அனுப்பினால் அது பையின் அடியிலேயே கிடக்கும்.